ஊதா மைக் கேள்விகள்

ரொட்டிக்குள் இருந்த பொம்மை என் புருஷனின் துண்டில் வந்தது. தமால் செய்து கொண்டுபோனது இன்னொருத்தி.

இதை எனக்குச் சொன்னவள் சாயோ. ஆப்பிள் கிடங்கில் எனக்கு எதிரே நின்று பழம் பொறுக்குகிறவள், என் மகளுக்கு ஞானத்தாய். பட்டையில் ஆப்பிள்கள் உருண்டு ஓடும் இரைச்சலில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். ரகசியத்தைக்கூட.

"உன் கைப்பக்குவம்னு நெனச்சு எங்க வீட்டுக்காரர் சீரோ நாலு தமால் தின்னுட்டு வந்திருக்காரு. அப்புறம்தான் தெரிஞ்சுதாம், அது கிரிசெல்டா செஞ்சதுன்னு."

"எந்தத் தமால்?"

"இங்கிலீஷ் கிளாஸ் தமால்தான்டி. ஜனவரியில மூணு ராஜாக்கள் பண்டிகைக்கு ரொட்டி வெட்டினப்போ பொம்மை உன் புருஷன் துண்டுல வந்துச்சாமே. பிப்ரவரி ரெண்டாந்தேதி அவன்தானே எல்லாருக்கும் தமால் கொண்டாரணும்? உங்கிட்ட சொல்லவே இல்லியா?"

"சொன்னானே" என்றேன். "எனக்கு முதுகுவலி. நான்தான் அவளைச் செய்யச் சொன்னேன்."

சாயோ என்னைப் பார்த்தாள். அடிபட்ட ஒரு பழத்தை எடுத்துக் கூடையில் போட்டாள்.

பொம்மை வந்தவன் தமால் தர வேண்டும் என்றால், அவன் பெண்டாட்டி முந்தின நாளே சோளமாவு பிசைந்து, உள்ளே வைக்கப் பன்றிக்கறி வேகவைத்து, சுற்றி அவிக்கச் சோள மடல்களை ஊறப்போட வேண்டும் என்று அர்த்தம். எங்கள் பழைய ஊர் மிச்சோகானிலும் அப்படித்தான், பிழைக்க வந்த இந்த யாக்கிமாவிலும் அப்படித்தான். பத்தொன்பது வருஷத்தில் மூன்று முறை எவரிஸ்தோவுக்குப் பொம்மை வந்திருக்கிறது. மூன்று முறையும் அவனைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்தது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். ஆனால் என் இடத்தில் நின்று இன்னொருத்தி மாவு பிசைந்தாள் என்று கேட்டதும், அடுப்பில் வைத்த ஈயப் பாத்திரம்போல உள்ளே ஏதோ காய ஆரம்பித்தது.

கிரிசெல்டாவை எனக்குத் தெரியும். சலவைக் கடையில் வேலை. புருஷன் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. நாற்பது வயது இருக்கும். பனி கொட்டினாலும் சிவப்பு பூட்ஸ்தான் போடுவாள். சிரித்தால் சலவை இயந்திரங்களின் சத்தத்தையும் மீறித் தெருவுக்குக் கேட்கும். கோயிலில் அவள் முன் வரிசையில் உட்கார்ந்தால், பின்னால் இருக்கும் ஆண்களின் முதுகுகள் நிமிர்வதை நான் எண்ணியிருக்கிறேன்.

வகுப்பு ஆரம்பித்தது ஜனவரி முதல் வாரத்தில். செவ்வாயும் வியாழனும், மாலை ஐந்து மணிக்கு, கோயிலின் அடித்தளக் கூடத்தில். டாக்டரிடம் பேசத் தேவையான ஆங்கிலம் மட்டும் சொல்லித்தருவார்கள். உடம்பின் உறுப்புகள், நோய்கள், மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும், இப்படி. நடத்துகிறவர் மிஸ் ஜூடித், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ்.

பதினாறு வருஷமாக ஆங்கிலம் இல்லாமலே தோட்டங்களில் கிளை வெட்டிவந்த என் புருஷன், ஒரு நாள் குளித்து, சட்டையைத் தானே இஸ்திரி போட்டு, "நானும் போய்ச் சேந்துக்கறேன் கிழவி" என்றான். அவன் என்னைக் கிழவி என்றுதான் கூப்பிடுவான், கல்யாணமான புதிதிலிருந்தே. நான் அவனைக் கிழவன் என்பேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பாசமான சொல் கிடையாது.

"உனக்கு எதுக்கு? டாக்டர்கிட்டப் போனா நாயெலி பேசமாட்டாளா?" என்றேன்.

நாயெலி எங்கள் மகள். பதினாலு வயது. இங்கே எல்லா வீட்டிலும் பிள்ளைகள்தான் டாக்டரிடம் பேசுகிறவர்கள். மருத்துவ நிலையத்தில் மொழிபெயர்க்க ஒருத்தி இருக்கிறாள்தான். ஆனால் அவள் தெரேசா. இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அவளுக்குச் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் சிநேகிதர்கள். அவளிடம் மூலம் என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் பாதிரியாருக்குத் தெரிந்திருக்கும். அதனால் எல்லாரும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் கூட்டிக்கொண்டு போவார்கள்.

"எப்பவும் அவளையே இழுத்துட்டுப் போக முடியுமா?" என்றான் எவரிஸ்தோ. கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தான்.

அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தமாலுக்குப் பிறகு எல்லாம் தோன்றியது.

மனுஷன் மாறியிருந்தான். என் அக்கா மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவில் இரண்டாவது பாட்டுக்கே ஆட்டத்தை நிறுத்தி, என் கையை விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். ஒரு காலத்தில் இசைக்குழு களைத்தாலும் களைக்காதவன். கட்டிலில் என் பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டான். பிறகு கட்டிலையே விட்டுச் சாய்வு நாற்காலிக்குப் போனான். "முதுகு பிடிச்சுக்குது" என்றான். சூப் வைத்தால் பாதிக் கிண்ணத்தில் தள்ளிவைத்தான். நான் ஏதாவது கேட்டால் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல கிழவி."

ஒன்றுமில்லாதவன் செவ்வாயும் வியாழனும் மட்டும் ஏன் முகம் மழிக்கிறான்?

சாயோ சொன்ன அன்று சாயங்காலம், அவன் குளிக்கும்போது, அவன் வகுப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் கடைப்பெயர்ப் பலகைகள் அளவுக்குத்தான் தெரியும். முதல் பக்கங்களில் அவனுடைய கோணல் பென்சில் எழுத்து: தலை, தோள், முழங்கை. அதற்கடுத்த பக்கங்களில் ஊதா மை. வட்டவட்டமான, அழகான, ஒரு பெண்ணின் எழுத்து. ஆறு வரிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்விக்குறி. கீழே அவனுடைய பென்சில் பதில்கள். அந்தப் பதில்களில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல், அதுவும் எங்கள் மொழிச் சொல்லுக்கு அண்ணன் தம்பிபோல இருந்ததால்: டிசம்பர்.

டிசம்பரில் என்ன ஆரம்பித்தது?

நாயெலியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம். அப்பாவின் நோட்டில் ஒரு பொம்பளை எழுதியதை மகளை விட்டா படிக்கச் சொல்வது? மூடிவைத்தேன்.

சாப்பாட்டின்போது நாயெலியே பேச்சை எடுத்தாள். "அப்பா, இங்கிலீஷ் நான் சொல்லித்தரேன்னா ஏன் வேணாங்கறீங்க? எனக்குத் தெரியாததா அங்க சொல்லித்தராங்க?"

"நீ உன் பாடத்தைப் படி தங்கம்."

"உங்க அப்பாவுக்கு வீட்டு வாத்தியார் சரிப்படாது" என்றேன். "சிவப்பு பூட்ஸ் போட்ட வாத்தியார்தான் வேணும்."

எவரிஸ்தோ கரண்டியை வைத்தான். "என்ன பேசற?"

"தமால் எப்படி இருந்துச்சு? மாவு நல்லா பொங்கியிருந்துச்சா?"

அவன் முகம் செத்துப்போயிற்று. பொய் சொல்லத் தெரியாதவன். சொல்லத் தெரியாததால்தான் வாயை மூடிக்கொள்கிறவன். "உனக்கு எதுக்குச் சிரமம்னுதான்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அவனை அந்தப் பெண்ணிடம் விட்டுக்கொடுப்பதா என்பதுதான் அன்று என் தலைக்குள் ஓடிய ஒரே கேள்வி. விடுவதில்லை என்று வியாழக்கிழமை முடிவெடுத்தேன். கிடங்கிலிருந்து நேராகக் கிளம்பி, கழுத்தில் ஆப்பிள் மெழுகு வாடையோடு கோயில் அடித்தளப் படிகளில் இறங்கினேன்.

கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். சுவரில் ஒரு மனித உடம்பின் படம், தோல் உரித்தது. மேசைமேல் ஒரு கண்ணாடிச் சீசா, பாதிக்குக் கறுப்பு மொச்சை. வகுப்பில் யார் எங்கள் மொழியில் பேசினாலும் ஒரு மொச்சையைச் சீசாவில் போட வேண்டும், மாசக் கடைசியில் யார் கணக்கில் அதிகமோ அவர் எல்லாருக்கும் இனிப்பு ரொட்டி வாங்கித் தர வேண்டும் என்று சீரோ காதோடு சொன்னார். அதைச் சொன்னதற்கே ஒரு மொச்சை போட்டார்.

எவரிஸ்தோ என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "நீ எதுக்கு வந்த?"

"மொச்சை!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"அடடே, ஓத்திலியா அக்கா! வாங்க வாங்க" என்று கிரிசெல்டா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தானே ஒரு மொச்சையையும் போட்டாள். "உங்க வீட்டுக்காரர்தான் எங்க கிளாஸ்லயே நல்ல நோயாளி. தெரியுமா?"

எனக்கு அவள் கூந்தலின் வாசனைகூடப் பிடிக்கவில்லை. நல்ல வாசனையாக இருந்தது, அதனால்.

மிஸ் ஜூடித் அன்று கற்றுத்தந்தது ஞாபகம் இருக்கிறது. எங்களுக்குத் தலை வலிக்கும், கால் வலிக்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லையாம். வலியை நாம் வைத்திருக்க வேண்டுமாம், ஆடு மாடு வைத்திருப்பதுபோல. "எனக்கு ஒரு தலைவலி உண்டு." எத்தனை நாளாக வைத்திருக்கிறாய் என்று டாக்டர் கேட்பார். எல்லாரும் சேர்ந்து சொன்னோம். நான் சொன்னது என் உதட்டோடு நின்றது. கண் வேறு இடத்தில் இருந்தது.

பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும், ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி. நோயாளி அட்டைக் கட்டிலிருந்து ஒரு நோயை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சீரோ கிடைத்தார். பல்வலி அட்டையை எடுத்துக்கொண்டு கன்னத்தைப் பிடித்து அழகாக முனக ஆரம்பித்தார். நான் அவர் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவரிஸ்தோ அட்டை எடுக்கவில்லை. கிரிசெல்டா நாற்காலியை நகர்த்தி, அவன் முழங்காலுக்கு அருகே உட்கார்ந்தாள். தணிந்த குரலில் கேட்டாள். அவன் தணிந்த குரலில் சொன்னான். பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் அவன் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. அவள் தலையாட்டினாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு அவள் உள்ளங்கையை அவன் மார்பில் வைத்தாள்.

"கையை எடுடி!"

நான் எழுந்து நின்றிருந்தேன். நாற்காலி கீழே கிடந்தது. சீரோவின் பல்வலி நின்றுபோயிருந்தது.

"மொச்சை" என்றார் பின்னாலிருந்து யாரோ, ரொம்ப மெதுவாக.

சிலர் சிரித்தார்கள். கிரிசெல்டா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து, தன் நாற்காலியை எனக்குக் காட்டினாள். "நீங்களே டாக்டரா இருங்க அக்கா. நான் ரெண்டு வாரமா இதுக்குத்தான் மன்றாடறேன்." பிறகு நோட்டை என் கையில் திணித்தாள். ஊதா மை.

"வேண்டாம்" என்றான் எவரிஸ்தோ. "நான் அட்டை எடுத்துக்கறேன். எனக்கும் பல்வலி."

"அட்டை வேணாம் எவரிஸ்தோ. உள்ளதைச் சொல்லு" என்றாள் கிரிசெல்டா.

மிஸ் ஜூடித்துக்கு எங்கள் பேச்சு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மொச்சைச் சீசாவை மூடி நகர்த்திவைத்துவிட்டு, என் தோளைத் தொட்டு, முதல் வரியைக் காட்டி, நானும் திருப்பிச் சொல்லும்படி மெதுவாகப் படித்தார்.

"எங்கே வலி?" என்றேன் ஆங்கிலத்தில். என் நாக்கு எனக்கே அந்நியமாக இருந்தது.

அவன் தரையைப் பார்த்தான். ஆங்கிலத்தில் அவன் பேசினால் ஒவ்வொரு சொல்லும் ஆற்றில் கல் தேடிக் கால் வைப்பதுபோல வரும். "இங்கே. மார்பில்."

"எப்போதிலிருந்து?"

"டிசம்பர்."

"எப்போது வருகிறது?"

"ஏணி. ஏணியில் ஏறும்போது. குளிரில். நின்றால் போகும்."

"எங்கே பரவுகிறது?"

இடது தோளைத் தொட்டு, கையை முழங்கைவரை தடவிக் காட்டினான். நோட்டின் முதல் பக்கத்தில் நான் பார்த்த சொற்களைத்தான் சொன்னான்: தோள், முழங்கை.

"ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?"

"எட்டு."

ஆறாவது கேள்வியில் 'குடும்பம்' என்ற சொல் மட்டும் எனக்குத் தெரிந்தது. மிஸ் ஜூடித் சொல்லித்தரத் தரச் சொன்னேன். "உங்கள் குடும்பத்துக்குத் தெரியுமா?"

"நோ" என்றான்.

அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

நடனத்தில் கை விட்டது, சாய்வு நாற்காலி, பாதிக் கிண்ணம் சூப் எல்லாம் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. "இது பாடமா, நிஜமா?" என்று எங்கள் மொழியில் கேட்டேன்.

உடனே அவன் முகம் மாறிற்று. வழக்கமான அந்தச் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. "ஒண்ணுமில்ல கிழவி. பாடத்துக்குச் சொன்னேன்."

கிரிசெல்டா அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "எம் புருஷனும் இதேதான்டா சொன்னான். ஒண்ணுமில்லன்னான். ஏணி அடியில கெடந்தான்." என் பக்கம் திரும்பினாள். "புதன்கிழமை பத்து மணிக்கு டாக்டரைப் பாக்க எழுதிவச்சிருக்கான் அக்கா. தனியாப் போறதுக்காகத்தான் இவ்வளவு மனப்பாடமும். உங்களுக்குச் சொல்லமாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். தமாலைக் கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுது, நீங்க இந்தப் படியில எறங்கக் கூடாதுன்னுதான் என்னைச் செய்யச் சொல்றான்னு."

அவளுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளபடி சொல்கிறேன், பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமைதான். அவன் அவள் கையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. டிசம்பரிலிருந்து அவன் மார்புக்குள் என்ன நடக்கிறது என்று இவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில், ஒரே சமையலறையில், நான் ஒரு முட்டாள்போல அவன் சட்டையில் வாசனை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வண்டியில் ஏறினோம். அவன் சாவியைப் போட்டான், திருப்பவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நாயெலிக்குத் தெரிஞ்சிடும். நீ மறச்சாலும் உன் மூஞ்சி மறைக்காது."

"தெரிஞ்சா என்ன? அவதானே கூட வந்து பேசணும்."

"அதான்." ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "மெல்கியாதஸ் கூட அவதானே போனா."

மெல்கியாதஸ் என் தம்பி. மூன்று வருஷத்துக்கு முன்னால், பதினோரு வயது நாயெலி பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டருக்கும் அவனுக்கும் நடுவே உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டாள். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்து, "இனிமே மருந்து கேக்காதாம் மாமா" என்றாள். அவன் அவள் தலையைத் தடவி, "நல்லா சொன்ன கண்ணு" என்றானாம். அதற்கப்புறம் ஒரு மாசம் அவள் வீட்டில் ஆங்கிலமே பேசவில்லை. தொலைக்காட்சியைக்கூட அணைத்துவிடுவாள்.

"எனக்கு ஏதாச்சும் இருந்தா, அதை அவ வாயால எனக்குச் சொல்ல வைக்கமாட்டேன்" என்றான். "நானே கேட்டுக்கறேன். கெட்ட சேதின்னா நானே உங்க ரெண்டு பேருக்கும் சொல்றேன். அதுக்குத்தான் இந்த இழவு இங்கிலீஷ்."

நான் அழுதேன். அழுது முடித்ததும், "அவகிட்ட மட்டும் எப்படிடா சொன்ன?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவன் யோசித்தான். "முதல் நாள் அட்டையில இருந்ததைப் படிக்கத் தெரியல. அவ எங்க வலிக்குதுன்னு கேட்டா. தெரிஞ்ச நாலு வார்த்தையும் நெஜமான வார்த்தையாப் போச்சு. இங்கிலீஷ்ல ஒண்ணுமில்லன்னு எப்படிச் சமாளிக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியாது."

"சிவப்பு பூட்ஸுக்காக இல்லியே?"

"பூட்ஸா? என்ன பூட்ஸ்?" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன் என்றுதான் சொன்னேனே. நிஜமாகவே கவனித்ததில்லை. அந்த ஒரு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

ஏணிப் பக்கம் இனி போகக் கூடாது என்று சொல்லி, புதன்வரை அவனை வீட்டிலேயே வைத்திருந்தேன். காத்திருக்கையில் நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு, யோசிக்காதே என்று மிஸ் ஜூடித் தொலைபேசி எண்ணை என் கையிலேயே எழுதிவிட்டிருந்தார்.

புதன்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போனோம். நாயெலி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தெரேசா வரவேற்பு மேசையிலிருந்து, "நான் உள்ள வரட்டுமா?" என்று கழுத்தை நீட்டிக் கேட்டாள். "வேணாம்மா, நாங்களே பாத்துக்கறோம்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் புதிது. போன மாதம் வந்தவர், மஞ்சள் முடி, தாடிகூடச் சரியாக முளைக்கவில்லை. கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, எங்கள் மொழியில், "வணக்கம் எவரிஸ்தோ ஐயா! எப்படி இருக்கீங்க? என்ன தொந்தரவு?" என்றார். எங்கள் மொழி பேசும் பெரு நாட்டில் ஒரு வருஷம் இருந்தாராம். உச்சரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஏழு வாரம் செவ்வாயும் வியாழனும் படித்த ஆங்கிலம் என் புருஷன் முகத்திலிருந்து இறங்கிப்போவதை நான் பார்த்தேன். தொப்பியைக் கையில் எடுத்தான். அந்தச் சிரிப்பு வந்தது.

"ஒண்ணுமில்ல டாக்டர். கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். குளிர்காலம்ல."

"வலி ஏதாவது?"

"வேலை செய்யற உடம்புன்னா வலிக்காம இருக்குமா டாக்டர்? உங்க நேரத்தை வீணாக்கறேன், மன்னிக்கணும்."

டாக்டர் சிரித்தார். சத்துமாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று என்னவோ தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். எங்கள் மொழியில் நான் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். "இவ சும்மா பயப்படறா டாக்டர்" என்பான். இரண்டு ஆண்களும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். நாற்காலியை அவனுக்கு எதிரே திருப்பிப்போட்டு உட்கார்ந்தேன், முழங்கால் இடிக்கும்படி. உள்ளங்கையை அவன் மார்பில் வைத்தேன்.

"எங்கே வலி?" என்றேன் ஆங்கிலத்தில்.

"கிழவி, இங்க வேணாம்..."

"எங்கே வலி?"

டாக்டரின் விரல்கள் நின்றன.

எவரிஸ்தோ என்னைப் பார்த்தான். என் கைக்கடியில் அவன் மார்பு ஏறி இறங்கியது. பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல உதிர்ந்து, ஆற்றில் கல் தேடுகிறவனின் முகம் வந்தது.

"இங்கே. மார்பில்."

"எப்போதிலிருந்து?"

"டிசம்பர்."

ஏணி, குளிர், தோள், முழங்கை. எட்டு என்று சொன்னபோது டாக்டர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அருகே வந்துவிட்டார். அவர் முகத்தில் பெரு போய்விட்டிருந்தது. நான் ஆறாவது கேள்வியையும் விடவில்லை.

"உங்கள் குடும்பத்துக்குத் தெரியுமா?"

"என் மனைவிக்குத் தெரியும்" என்றான்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மார்பில் ஒயர்கள் ஒட்டினார்கள். ஓடிவந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு. மறுநாளே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் ஏணி ஏறியிருந்தால் என்று அங்கே ஒரு டாக்டர் ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அந்த வாக்கியத்தின் முடிவு எனக்குத் தேவைப்படவில்லை.

சாயோவோடு நாயெலி தாழ்வாரத்தில் ஓடிவந்தாள். பள்ளிப் பை தோளில். வந்தவுடன் நர்ஸைத் தேடி முகத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டாள், கேட்டுக்கேட்டுப் பழகிய முகம். அவளைப் பிடித்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாரும்மா? நான் போய்க் கேக்கறேன்."

"நான் கேட்டாச்சு. நீ உக்காரு. அம்மா சொல்றேன்."

சொன்னேன். அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும், பதினாலு வயதுப் பிள்ளை அழ வேண்டியதுபோல, மூக்கு ஒழுக, சத்தமாக அழுதாள்.

ஏப்ரலில் ஆப்பிள் பூத்தபோது நாங்கள் மறுபடி வகுப்புக்குப் போனோம். அவனுக்கு இப்போது ஏணி கிடையாது. கீழே நின்று சொட்டுநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறான். நான் ஒரு புது நோட்டு வாங்கினேன், கூடவே ஒரு பச்சைப் பேனா. அந்த ஆறு கேள்விகளையும் என் கையால் எழுதிக்கொண்டேன். என் எழுத்து வட்டமாக இல்லை. பரவாயில்லை.

கிரிசெல்டாவுக்கு ஒரு அண்டா நிறையத் தமால் கொண்டுபோனேன். அவள் ஒன்றைப் பிரித்துத் தின்றுவிட்டு, "அக்கா, உண்மையைச் சொல்லவா? என்னோடது இன்னும் கொஞ்சம் மெத்துனு வரும்" என்றாள்.

"வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசுடி" என்றேன்.

அவள் சிரித்தது தெருவுக்குக் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

அன்று மிஸ் ஜூடித் ஜோடி பிரித்ததில் எவரிஸ்தோவுக்கு மறுபடியும் அவளே வந்தாள். எனக்குச் சீரோ. கன்னத்தைப் பிடிக்கப் போனவரிடம், "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு மொச்சையும் போட்டுவிட்டு, காதைத் தீட்டி உட்கார்ந்தேன்.

எவரிஸ்தோ அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தான்.

"எங்கே வலி?" என்றாள் அவள்.

"காதில்" என்றான். "வலது காதில். நேற்றிலிருந்து."

அட்டையில் இருந்ததைத்தான் சொன்னான். அவளுக்கு இனி அது போதும். நான் சீரோவின் பக்கம் திரும்பி, அவருடைய பல்லை விசாரிக்க ஆரம்பித்தேன்.